ஏழாம் எண் அடுக்கு

ஓசூர்ப் பக்கம் ஒரு சிப் கம்பெனி. அங்கே சிப்பின் ஒவ்வொரு அடுக்கையும் பதிக்கிற அச்சுத்தகடு செய்கிற வேலைக்குப் புதுசாய் வந்தவள் அஞ்சுகம். பெரிய என்ஜினியர் வேதாசலம் அனுப்பிய வரைபட ஃபைலில் ஒவ்வொரு அடுக்குக்கும் வெறும் எண்தான் இருந்தது. எது உலோகம், எது சிலிக்கன் என்று மாறிப்போனால் சிப்பே பாழ்.

"எந்த எண் எந்த அடுக்குன்னு ஒரு பட்டியல் வேணும் சார்."

"எல்லாம் ஃபைல்லயே இருக்கும்மா. படிக்கத் தெரியலைன்னா சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பு, நாளைக்கு வராதே."

அஞ்சுகம் உடனே கூட வேலை செய்கிறவர்களைக் கூப்பிட்டுவிட்டு, கம்ப்யூட்டர் முன்னால் அவருக்கு நாற்காலி இழுத்துப் போட்டாள்.

"ஒரு தரம் படிச்சுக் காட்டுங்க சார், நாங்களும் கத்துக்கறோம். இந்த ஏழாம் எண் என்ன அடுக்கு?"

திரையையே பார்த்திருந்த வேதாசலத்தின் கை, தன்னால் சட்டைப்பைக்குள் போய் எண்ணும் அடுக்கும் எழுதி மடித்த காகிதம் ஒன்றை எடுத்தது.

"அதைத்தான் சார் காலையிலேர்ந்து கேக்கறேன்."

யாரும் சிரிக்கவில்லை. அவரே காகிதத்தை நீவி அவள் கையில் கொடுத்தார். அதற்கப்புறம் பட்டியல் இல்லாமல் அவரிடமிருந்து ஒரு ஃபைலும் வந்ததில்லை.