கெளுத்திக்குப் பந்தி விசாரித்தவர்

ஆற்றங்கரை மடத்தில் யார் வந்து உட்கார்ந்தாலும் இலை போடுவார்கள். பெயர் கேட்பதில்லை, ஊர் கேட்பதில்லை. அப்படிப்பட்ட இடத்தில் நாலைந்து கெளுத்தி மீன்கள் பட்டினி கிடந்தால் தில்லைநாதனுக்கு எப்படி இருக்கும்?

மீன்தொட்டி அவர் பொறுப்பு. ஊரை விட்டுப் போன ஓர் அன்பர் கொடுத்துவிட்டுப் போனது. பந்திக் கூடத்து வாசலருகே வைத்திருந்தார்கள்.

தில்லைநாதன் மடத்துக்கு வருவதற்கு முன் கல்யாண காண்டிராக்டராக இருந்தவர். பந்தி விசாரிப்பதில் பேர் வாங்கியவர். "என்ன மாமா, பாயசம் இன்னொரு கரண்டி?" என்று அவர் குனிந்து கேட்டால் வேண்டாம் என்று சொல்ல எவருக்கும் மனம் வராது. அறுபது வயதில் தொழிலைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு, மடத்தை நடத்திவந்த, தன்னைவிட மிகவும் இளையவரான வடிவாம்பாள் அம்மாவிடம் சீடராக வந்து சேர்ந்தார். தொழிலை விட்டாரே தவிர விசாரிப்பை விடவில்லை.

மீன்களையும் அவர் சும்மா விடவில்லை. தொட்டிக்குள் கிடந்த கற்களையும் உடைந்த மண்சட்டிகளையும் வெளியே எடுத்துப் போட்டார். அன்றைய சோற்றுச் செலவை ஏற்றுக்கொண்ட உபயதாரர்கள் குடும்பத்தோடு வருவார்கள். மீன் அவர்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டாமா? மேலே பளிச்சென்று ஒரு விளக்கையும் மாட்டினார். தீனியைப் போட்டுவிட்டு, கண்ணாடியை விரலால் தட்டி, "சாப்பிடுங்க, சாப்பிடுங்க" என்று பக்கத்திலேயே நின்றார்.

மீன்கள் ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டன. தீனி ஊறிப்போய் அடியில் கிடந்தது.

தண்ணீரை மாற்றினார். காற்றுக்குழாயைக் கழற்றிக் கழுவினார். தீனியை மாற்றினார். வெள்ளரிக்காய் நறுக்கிப் போட்டார், பட்டாணியை வேகவைத்துத் தோலுரித்துப் போட்டார். கெளுத்திகள் எதற்கும் மசியவில்லை. தொட்டி விற்கும் கடைக்காரருக்குப் போன் போட்டார். கடைக்காரர் கேட்ட கேள்விக்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொன்ன தில்லைநாதன், அவர் "ஒளிஞ்சுக்க ஏதாவது வெச்சிருக்கீங்களா?" என்றபோது மட்டும், "அதெல்லாம் இருக்கு சார்" என்று பேச்சை முடித்துவிட்டார். தான் செய்ததைத் தானே குறை சொல்ல வாய் வரவில்லை.

மீன்களின் வயிறு ஒட்டிப்போயிற்று. ஒரு மீன் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்க ஆரம்பித்தது. உபயத்துக்கு வந்த ஓர் அம்மாள் தொட்டியைப் பார்த்துவிட்டு, "ஊருக்கெல்லாம் சோறு போடுறீங்க, இதுங்களைப் பட்டினி போட்டுட்டீங்களே" என்றாள், சிரித்துக்கொண்டே.

"இன்னிக்கு அதுங்களுக்கு விரதம்மா" என்று சமாளித்தார் தில்லைநாதன். சொன்ன பிறகு அவருக்கே அசிங்கமாக இருந்தது.

சாயங்காலம் அம்மாவைத் தேடிப் போனார். வடிவாம்பாள் சமையல்கட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அம்மா, கெளுத்தி சாப்பிட மாட்டேங்குது. செத்துப்போயிடுமோன்னு பயமா இருக்கு."

"தண்ணி?"

"மாத்திட்டேன்."

"தீனி?"

"அதையும் மாத்திப் பார்த்துட்டேன்."

"நீங்க?"

"நான் பக்கத்துலயேதாம்மா நிக்கிறேன். அந்தாண்டை இந்தாண்டை நகர்றதே இல்லை."

அம்மா ஒரு பழுத்த இலையைக் கிள்ளிப் போட்டார். "நாளைக்கு முதல் பந்தியில உட்காருங்க அண்ணா."

"நான் எப்பவும் கடைசியிலதானேம்மா சாப்பிடுவேன்?"

"நாளைக்கு முதல்ல."

மீனுக்கு வழி கேட்டால் தனக்கு இலை போடுகிறாரே என்று நினைத்தபடி தில்லைநாதன் திரும்பினார்.

மறுநாள் மத்தியானம் அம்மா அவரைக் கையைப் பிடிக்காத குறையாகக் கூட்டிப்போய் வரிசையின் முதல் இலையில் உட்காரவைத்தார். எதிரே உபயதாரர் குடும்பம் நின்றது. எப்போதும் தில்லைநாதன் நிற்கும் இடத்தில் இன்று அம்மா நின்றார். தில்லைநாதன் பேசுவது போலவே, கூடம் முழுக்கக் கேட்கும்படி பேசினார்.

"இன்னிக்கு இவங்க உபயம். இவர் நம்ம மடத்துல தினமும் சாப்பிடுறவர். பாவம், நல்லா வாழ்ந்தவர். கூச்சப்படாம சாப்பிடுங்க, இன்னும் கொஞ்சம் சோறு வைக்கச் சொல்லட்டுமா?"

ஒரு வார்த்தைகூட அம்மாவின் சொந்த வார்த்தை இல்லை. எல்லாம் தில்லைநாதன் தினமும் பந்தியில் சொல்வது.

உபயதாரரின் மனைவி தலையை லேசாகச் சாய்த்து அவரைப் பார்த்தாள். நல்ல பெண்மணிதான், பார்வையில் இரக்கம்தான் இருந்தது. தில்லைநாதன் சோற்றைப் பிசைந்தார். பிசைந்துகொண்டே இருந்தார். ஒரு கவளத்தை வாயில் போட்டதும் அது இறங்காமல் நின்றது. தன் வாய் அசைவதை இத்தனை பேர் பார்க்கிறார்களே என்று உடம்பெல்லாம் கூசியது.

"ஏன் அண்ணா, பிடிக்கலையா? சாம்பார் ஊத்தச் சொல்லவா?"

"போதும்மா" என்றார்.

இலையில் சோற்றை மிச்சம் வைப்பது அந்த மடத்தில் பெரிய தப்பு. அதை எல்லோருக்கும் எடுத்துச் சொல்கிறவரே அவர்தான். அன்று பாதிச் சோற்றோடு இலையை மூடிவிட்டு, யார் முகத்தையும் பாராமல் எழுந்து போனார்.

கையைக் கழுவிவிட்டு நேரே தொட்டிக்குப் போனார். விளக்கை அணைத்தார். கொல்லையில் கிடந்த மண்சட்டிகளையும் கற்களையும் கழுவிக் கொண்டுவந்து உள்ளே வைத்தார். மீன்கள் விழுந்தடித்துக்கொண்டு சட்டிகளுக்குள் நுழைந்தன. கொஞ்சம் தீனி போட்டார். தன் மேல்துண்டை எடுத்துத் தொட்டியின் மேல் போர்த்தினார். அதற்குமேல் அங்கே நிற்க அவருக்கு வெட்கமாக இருந்தது.

சில நாட்களில் தீனி மிஞ்சுவது நின்றது. சாய்ந்து கிடந்த மீனும் நிமிர்ந்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டிய தில்லைநாதன் சோர்ந்த முகத்தோடு அம்மாவின் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"மீன் சாப்பிடுதும்மா."

"நல்லது."

"கோதண்டபாணின்னு ஒருத்தர் வந்துக்கிட்டிருந்தார். அச்சகம் மூடினதுல வேலை போனவர். சட்டையெல்லாம் இஸ்திரி போட்டு உடுத்திக்கிட்டு வருவார். சுவரோரமா கடைசி இலையில உட்காருவார். நான்தான் பிடிச்சு இழுத்து முன்னாடி உட்காரவெச்சேன். உபயக்காரங்ககிட்ட அவர் கதையெல்லாம் சொன்னேன். மறுநாள்லேருந்து ஆளைக் காணோம்."

தில்லைநாதன் தரையைப் பார்த்தபடி தொடர்ந்தார்.

"வேலை கிடைச்சிருக்கும்னு நினைச்சேம்மா. வர்றவங்ககிட்டேயும் அப்படித்தான் பெருமையாச் சொன்னேன்."

"நேத்து பின்பக்கச் சந்துல பார்த்தேன். குழாயில தண்ணி குடிச்சிட்டுப் போனார். என்னைப் பார்த்ததும் வாயைத் துடைச்சுக்கிட்டு, இப்பத்தான் சாப்பிட்டேம்மான்னார். நான் கேட்கவே இல்லை."

தில்லைநாதன் முகத்தை மூடிக்கொண்டார். எத்தனை கல்யாணத்தில் எத்தனை ஆயிரம் பேரைச் சாப்பிடவைத்த கை. ஒரு மனிதனைப் பட்டினி போட்டிருக்கிறது.

கையை எடுத்துவிட்டு நிமிர்ந்தார். "அவர் வீட்டைக் கண்டுபிடிச்சுப் போறேம்மா. கால்ல விழுந்தாவது மன்னிப்புக் கேட்டுக் கூட்டிக்கிட்டு வர்றேன்."

"அவருக்குப் பசின்னு இந்த மடத்துக்குச் சொன்னது போதாதா அண்ணா? அவர் தெருவுக்கும் சொல்லணுமா?"

அம்மாவே வழியும் சொன்னார்.

"சந்துப் பக்கம் ஒரு கதவு இருக்கு. நாம பூட்டியே வெச்சிருக்கோம். நாளையிலேருந்து மத்தியானம் அதைத் திறந்து வைங்க. உள்ளே சோத்துப் பானை, குழம்பு, நாலஞ்சு இலை, ஒரு பாய். போறவங்க வர்றவங்க யாரு வேணும்னாலும் தானாப் போட்டுச் சாப்பிடட்டும். அதுக்கப்புறம் சாயங்காலம் வரைக்கும் அந்தப் பக்கம் யாரும் போக வேண்டாம். நீங்களும் போக வேண்டாம், நானும் போகலை."

"சரிம்மா."

எழுந்தவர் நிலைப்படியருகே நின்றுவிட்டார். கேட்கலாமா கூடாதா என்று தயங்கிக் கடைசியில் கேட்டார்.

"அவர் வந்து சாப்பிட்டாரான்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?"

"தெரியாது அண்ணா."