விதைநெல்லால் உயர்ந்த அரசன்

நெல்லுக்கு வாய் இருந்தால் அழுதிருக்கும் என்று சொல்லத்தக்க ஒரு காலத்தில், வெண்ணாவல் நாட்டை உக்கிரசேனன் என்றோர் அரசன் ஆண்டான். அவனைக் கெட்டவன் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் யாராவது புகழ்ந்துவிட்டால் போதும், அவன் புத்தி அவனிடம் தங்காது. அரண்மனை மதிலைத் தாண்டி அவன் வெளியே போய் வெகு காலம் ஆகியிருந்தது.

அவன் பிறந்தநாள் நெருங்கியது. வரி அதிகாரி தாண்டவராயர் குழைந்துகொண்டு வந்து நின்றார்.

"மன்னர் மன்னா, இந்த முறை துலாபாரம் நடத்துவோம். ஒரு தட்டில் தாங்கள், மறு தட்டில் நெல். அத்தனையும் ஏழைகளுக்குத் தானம். குடிமக்கள் தாங்களாகவே கொண்டுவந்து குவிக்கிறார்கள்!"

தாங்களாகவே! எப்பேர்ப்பட்ட பொய். வீடு வீடாக ஆள் அனுப்பி, விதைக்கு வைத்திருந்த நெல்லைப் பிடுங்கியிருந்தார் அந்த மனிதர். தானம் வாங்கக் காத்திருந்த ஏழைகளோ அவருடைய மைத்துனர்களும் மாமன் மக்களும். வெளியே மழை பெய்து, உழுத நிலம் ஈரத்தோடு கிடந்தது. அந்த ஈரம் காய்வதற்குள் விதைக்காவிட்டால் அந்த வருடம் சோறு கிடையாது. வெள்ளச்சி என்ற கைம்பெண் அடுப்படியில் புதைத்து வைத்திருந்த சின்ன மூட்டையைக்கூட அவர் அனுப்பிய ஆட்கள் விடவில்லை. பிள்ளைகள் பசியில் அழுதபோதும் அவள் தொடாத நெல் அது.

அவள் அமைச்சர் அம்பலவாணரின் வாசலில் வந்து நின்று கத்தினாள்.

"கடவுளுக்குப் பயந்தவருன்னு உங்களைச் சொல்றாங்களே, ஐயா! உங்க ராசாவை எடை போட என் பிள்ளைங்க சோறுதான் கிடைச்சுதா?"

அமைச்சரின் முகம் சிவந்துபோயிற்று. அரசனிடம் நேராகச் சொன்னால், "இவருக்குப் பொறாமை" என்று தாண்டவராயர் வாயை அடைத்துவிடுவார். முன்பும் அப்படித்தான் நடந்தது.

"நாளைக்கு ஊராரைக் கூட்டிக்கொண்டு மதிலுக்கு வெளியே வந்து நில், அம்மா" என்றார்.

மறுநாள் அரண்மனை முற்றத்தில், இரண்டு உயரமான கல்தூண்களுக்கு நடுவே பெரிய தராசு தொங்கியது. அரசன் தட்டில் அமர்ந்து, முறைப்படி எல்லாரும் கேட்க வாக்குக் கொடுத்தான்.

"தட்டுகள் சமமாக நின்றால்தான் இறங்குவேன். தட்டில் வைக்கும் நெல் எல்லாம் தானம். ஒரு மணியும் அரண்மனைக்குத் திரும்பாது."

மூட்டைகள் ஏறின. தட்டுகள் சமமாயின.

"போதும்" என்றான் அரசன்.

"போதுமா?" என்று அம்பலவாணர் சிரித்தார். "மன்னரும் நெல்லும் சமம் என்றா ஊருக்குக் காட்டுவது? தாண்டவராயரே, உம்முடைய ராஜபக்தி இவ்வளவுதானா?"

தாண்டவராயருக்குச் சுருக்கென்றது. "யாரைப் பார்த்துக் கேட்கிறீர்? அடேய், இருக்கிற மூட்டையெல்லாம் ஏற்றுங்கடா! மன்னர் வானத்தைத் தொடட்டும்!"

நெல் தட்டு தரையில் உட்கார்ந்தது. அரசனின் தட்டு விர்ரென்று மேலேறி, மதிலுக்கும் மேலே போய் நின்றது. அரசன் கைகொட்டிச் சிரித்தான்.

"அங்கிருந்து என்ன தெரிகிறது, மன்னா?" என்று கேட்டார் அமைச்சர்.

"எல்லாம் தெரிகிறது! ஆறு, தோப்பு, வயல்..." அவன் குரல் தாழ்ந்தது. "அமைச்சரே, மழைதான் பெய்ததே. உழுத வயலில் ஏன் ஒருவரும் விதைக்கவில்லை? மதிலோரம் ஏன் இத்தனை பேர் அழுதுகொண்டு நிற்கிறார்கள்?"

"விதைக்க நெல் இல்லை, மன்னா. அவர்களிடம் பிடுங்கிய விதைநெல்தான் இப்போது தங்களைத் தூக்கி வைத்திருக்கிறது."



"பொய்! சோம்பேறிக் கூட்டம்!" என்று தாண்டவராயர் பதறினார். "மன்னா, தானம் வாங்க ஏழைகள் தயாராக இருக்கிறார்கள். இதோ தங்களை இறக்கிவிடுகிறோம்."

அவருடைய மூத்த மைத்துனர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

"அந்த ஏழையின் மோதிரம் இங்கே வரைக்கும் கண்ணைக் கூசவைக்கிறதே" என்றான் அரசன் மேலிருந்து. பிறகு மெதுவாக, "நான் என்ன செய்யட்டும், அம்பலவாணரே?" என்று கேட்டான்.

"உயரத்தில் இருப்பதா, நேர்மையாக இருப்பதா? இன்று இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும், மன்னா."

அரசன் வயலிலிருந்து கண்ணை எடுத்து, மதில் கதவுப் பக்கம் கை காட்டினான்.

"கதவைத் திறங்கள். அவரவர் நெல்லை அவரவர் எடுத்துக்கொள்ளட்டும்."

ஒவ்வொரு மூட்டையாகப் போயிற்று. தட்டு அசையவில்லை. உச்சிவெயிலில் கிரீடம் சுட்டது. அரசன் அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். வெள்ளச்சி வந்து தன் சின்ன மூட்டையைத் தூக்கியபோதுதான் துலாக்கோல் அசைந்தது. தட்டு இறங்கி, சமமாக நின்றது.

அரசன் இறங்கினான். மீதி மூட்டைகளைத் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தான். பிறகு திரும்பினான்.

"தாண்டவராயரே, இந்த நெல் உம்முடைய பல்லக்கில் வயலுக்குப் போகட்டும். பல்லக்குத் தூக்கிகளுக்கு இன்று ஓய்வு. நீரும் உம்முடைய ஏழைகளும் தூக்குங்கள். இனி வரி அதிகாரி பதவி உமக்கு இல்லை."

தன் முத்துமாலையைக் கழற்றி அம்பலவாணரின் கழுத்தில் போட்டுவிட்டு, வெள்ளச்சியைப் பார்த்தான். "உனக்கு என்ன வேண்டும், கேள் அம்மா."

அவள் மூட்டையை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். கும்பிடவில்லை.

"எங்களைப் பார்க்க இம்புட்டு உசரம் ஏறணுமா, ராசா? கதவைத் திறந்து நாலு எட்டு நடந்திருந்தா தெரிஞ்சிருக்குமே."

பதிலுக்காக அவள் நிற்கவில்லை. நிலத்தில் ஈரம் காய்ந்துகொண்டிருந்தது.