நீற்றுக்கு மேலே இருந்தது

இந்தக் கதையைப் பல வருடங்களாக நான் முழுதாக நம்பியதில்லை. குறை கதையிலா, எதையும் நம்பத் தயங்கும் என் புத்தியிலா என்று என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன். சொன்னவர் காரைக்கால் நகைக்கடைக்காரர் வைத்திலிங்கம். சொல்லும்போதெல்லாம் அன்றைய ஓட்டமும் இரைப்பும் அவர் குரலில் அப்படியே இருக்கும்.

விடிகிற நேரத்தில் தெருவே ஒரு திருடனைத் துரத்தியது. எல்லோருக்கும் முன்னால் ஓடியவள், பெலிசி அம்மாள் வீட்டில் வேலை செய்த அஞ்சலை. நெற்றி நிறையப் பூசிய திருநீறு வியர்வையில் கரைந்து வழிய, எட்டிப் பிடித்து மூட்டையைப் பறித்துவிட்டாள். ஆள் தப்பிவிட்டான். மூட்டையில் பல வீட்டுப் பொருள்கள். அவரவர் தங்களுடையதை எடுத்துக்கொண்டார்கள். திராட்சைக் கொடி செதுக்கிய பழைய வெள்ளி மெழுகுவத்தித் தாங்கி ஜோடிக்கு மட்டும் இரண்டு பேர் கை நீட்டினார்கள்.

தன் தாத்தா சைகோனிலிருந்து கொண்டுவந்தவை என்றார் பெலிசி அம்மாள். நாடு திரும்பிய பிரெஞ்சுக்காரர் ஒருவரிடம் தன் அப்பா வாங்கியவை என்றார் எதிர்வீட்டுத் தணிகாசலம்.

"உங்க தாத்தா சைகோன்லேருந்து கொண்டாந்தது ஒரு குடைதாம்மா. தெருவுக்கே தெரியும்" என்றார் அவர். கூட்டம் சிரித்தது.

பெலிசி அம்மாள் சிரிக்கவில்லை. "சனிக்கிழமை எம் பொண்ணுக்குக் கல்யாணம். எங்கம்மா கல்யாணத்துலயும் என் கல்யாணத்துலயும் மாதா கோயில் பீடத்துல எரிஞ்சது இதுதான். இது இல்லாம அவளை எப்படி அனுப்புவேன்?"

தங்கள் வீட்டில் அதில் மெழுகுவத்தியே ஏற்றியதில்லை, அழகுக்கு அலமாரியில் நிற்கும் என்றார் தணிகாசலம்.

கூடவே ஓடிவந்திருந்த வைத்திலிங்கம் சொல்வதற்குக் கட்டுப்படுவதாக இருவரும் ஒப்புக்கொண்டார்கள். அவர் ஊசியை எடுத்தார். கொடியின் இடுக்கில் ஏதோ பிசுக்கு இறுகியிருந்தது. அதைக் கீறியதும் அடியிலிருந்து வெள்ளைப் பொடி உதிர்ந்தது. முகர்ந்து பார்த்தார். திருநீறு, வெள்ளியைத் துலக்கப் போட்டது.

"மாதா கோயிலுக்குப் போற வீட்டுல திருநீறு ஏது?" என்றார்.

தெரு கைதட்டியது. தாங்கிகள் தணிகாசலம் வீட்டுக்குள் போயின. சனிக்கிழமை பீடத்தில் இரவல் வாங்கிய பித்தளைத் தாங்கிகள் நின்றன.

கதை முடிந்ததும் இன்னொன்றையும் பெருமையாகச் சொல்வார். ஊசியில் ஒட்டிய பிசுக்கு துணியால் துடைத்தும் போகவில்லையாம். விளக்கில் காட்டியதும் உருகிச் சொட்டிவிட்டதாம். எத்தனையோ முறை கேட்ட வரிதான். போன மாதம் அதே வரியில் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் கையைப் பிடித்துக் கேட்டேன்:

"ஐயா, அஞ்சலை நெத்தியில பூசுற நீறு, பெலிசி அம்மா வீட்டுல அவ துலக்குற வெள்ளிக்குப் போயிருக்காதா? அது கிடக்கட்டும். உருகினது மெழுகுதானே? மெழுகுவத்தியே ஏத்தாத வீட்டுல, நீறுக்கு மேல மெழுகு எப்படி வந்துது?"