வரிமுடியும் டப்பாத் தூளும்

ஒரு பெரிய ஏரி. பனிமலைக்கு அப்பாலிருந்து வந்த வரித்தலை வாத்துகள் குளிர்காலம் முழுக்க அங்கே தங்கியிருந்தன. அவற்றில் ஒருத்தி வரிமுடி. எதைக் கண்டாலும் இது என்ன, இது ஏன் என்று கேட்காமல் அவளால் இருக்க முடியாது.

ஏரியைப் பார்க்க வருகிற மனிதர்கள் கரையிலிருந்து பொரி வீசுவார்கள். கூட்டம் வயலுக்கு மேயப் போகும்போது வரிமுடி மட்டும் பின்தங்கிவிடுவாள். மனிதர்களை வேடிக்கை பார்த்தபடியே பொரியைத் தின்றுகொண்டு கரையோரம் மிதப்பாள்.

மாசி பிறந்தது. ஊர் திரும்புமுன் எடை பார்ப்பது அந்தக் கூட்டத்தின் வழக்கம். மீனவர்கள் விட்டுப்போன மூங்கில் ஒன்று தண்ணீருக்கு மேல் சாய்ந்து நின்றது. ஒவ்வொருவராக அதில் ஏறி நிற்க வேண்டும். நுனி தண்ணீரைத் தொடாவிட்டால் பறக்கத் தகுதி உண்டு என்று பொருள். வரிமுடி ஏறினாள். நுனி ஒரு சாண் ஆழத்துக்கு முழுகியது. எல்லோரும் சிரித்தார்கள்.

தலைவி சிரிக்கவில்லை. பங்குனிப் பௌர்ணமியன்று கிளம்புகிறோம், அதற்குள் தேறாவிட்டால் உன்னை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றாள். கோடையில் அந்த ஏரி வற்றிவிடும். வெடித்துக் கிடக்கும் மண்ணில் ஒரு வாத்து தனியாக என்ன செய்யும்?

கோரைப் புதருக்குள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது ஒரு காட்டுப்பூனை. மறுநாள் அது ஒரு டப்பாவை உருட்டிக்கொண்டு கரைக்கு வந்தது. கூடாரம் போட்டுத் தங்கியவர்கள் மறந்துவிட்டுப் போனது அது.

“கவலைப்படாதே மருமகளே. இதில் இருக்கிற தூள் அமினோ அமிலம். தசையைக் கட்டுகிற செங்கல். அவர்கள் பேசிக்கொண்டதைக் காதால் கேட்டேன்.”

“செங்கல் என்றால் ஒரே வகையா மாமா, பல வகையா?”

“இருபது வகை. கேள்வி கேட்டால் உடம்பு இளைக்காது. காலையில் ஒரு வாய், மாலையில் ஒரு வாய். வேறெதையும் தொடாதே. பறக்கவும் கூடாது. பறந்தால் கட்டிய செங்கல் கரைந்துவிடும்.”

வரிமுடி அப்படியே செய்தாள். பதினைந்து நாளில் மூங்கில் நுனி தண்ணீருக்கு மேலேயே நின்றது. மகிழ்ச்சியில் சிறகை விரித்தாள். ஓர் அடி எழும்பி, பொத்தென்று விழுந்தாள்.

பக்கத்தில் நீந்திய நாமக்கோழி வந்து பார்த்தது. “மூங்கில் வளையவில்லையடி. நீதான் வளைந்துவிட்டாய்.”

சதை எங்கே போயிற்று? வரிமுடிக்கு அது புரியவில்லை. பூனையிடமே கேட்கப் போனாள். அதன் தோளில் தசை உருண்டு திரண்டிருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குப் புதிதாக ஒரு கேள்வி பிறந்தது.

“மாமா, நீங்கள் ஒரு நாளைக்கு எத்தனை வாய் தூள் சாப்பிடுகிறீர்கள்?”

“எனக்கெதற்குத் தூள்?” பூனை பெருமையாக மீசையை நீவிக்கொண்டது. “காலையில் இரண்டு எலி, நாலு தவளை. அப்புறம் ஏரியைச் சுற்றி ஒரு ஓட்டம். எலிக்குள் இல்லாத செங்கல்லா?”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டது. வரிமுடி குனிந்து பார்த்தாள். இருவருக்கும் நடுவே ஒரு தாவல் தூரம்தான் இருந்தது. பூனையின் பின்னங்கால்கள் மடங்கத் தொடங்கியிருந்தன. அவள் சட்டென்று ஆழத்துக்குள் நீந்திவிட்டாள்.

எலிக்குள் பூனையின் செங்கல் இருந்தால் என் செங்கல் எதற்குள் இருக்கிறது என்று நாமக்கோழியைக் கேட்டாள்.

“உன் சனங்கள் தினமும் வயலுக்குப் போகிறார்களே, காற்று வாங்கவா போகிறார்கள்?”

மறுநாள் வரிமுடியும் வயலுக்குக் கிளம்பினாள். முதல் வரப்போடு மூச்சு வாங்கியது. மீதித் தூரம் நடந்தாள். நெல் அறுத்த வயலில் பயறு விளைந்திருந்தது. உதிர்ந்த நெல்லும் பயறும் இளம்புல்லும் தரையெல்லாம் கிடந்தன. நெல்லில் குறைவாக இருந்த செங்கல் பயறில் இருந்தது. பயறில் குறைந்தது நெல்லில் இருந்தது. பசிக்குத் தின்றாள். நாளுக்கு ஒரு வரப்பு கூடுதலாகப் பறந்தாள்.

பௌர்ணமி வந்தது. காலையில் எல்லோரும் மூங்கிலருகே கூடினார்கள். வரிமுடி ஏறி நின்றாள். நுனி மெல்லத் தாழ்ந்து தண்ணீரைத் தொட்டது. தலைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“அக்கா, நான் எவ்வளவு கனம் என்று மட்டும்தான் மூங்கிலுக்குத் தெரியும்,” என்றாள் வரிமுடி. “அந்தக் கனம் கொழுப்பா, சிறகை அசைக்கிற தசையா என்று அதற்குத் தெரியாது. வானத்தையும் ஒருமுறை கேட்டுவிடலாமே.”

எழும்பினாள். ஏரியை மூன்று முறை சுற்றினாள். இறங்கியபோது மூச்சு இரைக்கவில்லை.

தலைவி மூங்கிலை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, “முன்வரிசையில் வா,” என்றாள்.

வாத்துகள் வடக்கே போன பிறகு, பூனை அந்தக் காலி ஏரிக்கரையில் டப்பாவை நக்கிப் பார்த்தது. தூள் மூக்கில் ஏறி, நெடுநேரம் தும்மிக்கொண்டிருந்தது.

உடம்பு இளைப்பதே நலம் ஆகிவிடாது. பலவகை உணவும் உழைப்பும் சேர்ந்து தருகிற வலிமையை எந்த டப்பாவும் தனியாகத் தந்துவிடாது.