கிழக்கு மூலைக்கு ஒரு பிடி மண்

பொன் சுரங்கம் ஒன்றில் நடந்த கதை. கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள், அவசரம் வேண்டாம்.

பொன்னைப் பிரித்தபின் மிஞ்சும் கழிவுச் சேற்றை அங்கே வெளியில் தேக்குவதில்லை. தண்ணீரை வடித்து, சிமெண்டு கலந்து, கெட்டி விழுதாக்கி, வெட்டி முடித்த குழிகளுக்கே குழாய் வழியே திருப்பி அனுப்புவார்கள். அது உள்ளே இறுகி மேல்நிலத்தைத் தாங்கும். விழுதின் பதம் பார்ப்பது சவரிமுத்துவின் வேலை. கூம்புக் குவளையில் நிரப்பி, குவளையை மட்டும் தூக்குவார். குவியல் ஒரு சாண் அமுங்கினால் விழுது மூலைமுடுக்கெல்லாம் ஓடி நிரம்பும். அரைச் சாண் அமுங்கினால் விழுந்த இடத்திலேயே குவிந்து நின்றுவிடும்.

ஏழாம் குழியின் கூரைப் பாறை சரிந்தபோது கிழக்கு மூலையில் வேலை செய்துகொண்டிருந்தவன் மிக்கேல், சவரிமுத்துவின் இருபது வருடத் தோழன். ஒன்பது நாள் தேடியும் பாறையைத் தாண்டி அவன் உடலை எட்ட முடியவில்லை. உற்றார் ஆளுக்கொரு பிடி மண் போட்டால்தான் அந்த ஊரில் அடக்கம் முடிந்ததாக அர்த்தம். மிக்கேலின் மனைவி செசிலிக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை.

"அண்ணே, அவர உள்ள விட்டு மூடிராதீங்க," என்று அழுதாள்.

"என் கை அதச் செய்யாதும்மா," என்றார் சவரிமுத்து.

பத்தாம் நாள், குழிக்கு நேர்மேலே இருந்த நாற்பது வீடுகளிலும் சுவர் விரிசல் விட்டது. கிழக்குக் கோடி வீடு செசிலியுடையது. மேலாளர் கோபிநாதன் எல்லோரையும் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்துவிட்டு, குழியை நிரப்பச் சொன்னார். "அந்தப் பொண்ணுகிட்ட இப்ப சொல்லாதீங்க, தாங்காது," என்றார்.

சவரிமுத்து அன்று தண்ணீரைக் குறைத்தார். குவியல் அரைச் சாண்தான் அமுங்கியது. குழி நிரம்பியது, மிக்கேல் கிடந்த மூலை மட்டும் வெற்றிடமாக நின்றது. அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை.

விழுது இறுகியதும் மேலாளர் எல்லோரையும் வீடு திரும்பச் சொன்னார். செசிலி மூட்டையோடு தன் வீட்டுக்குள் நுழைவதைச் சவரிமுத்து பார்த்தார். ஓடிப்போய் உண்மையைக் கொட்டிவிட்டார்.

"கிழக்கு மூலைன்னா, நான் நிக்கிற இடமாண்ணே?"

"ஆமாம்மா."

அவள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பக்கத்து வீட்ல கைக்குழந்தை இருக்கு. மூடிருங்கண்ணே."

மறுபடி வீடுகள் காலியாயின. தள்ளியிருந்த உறுதியான தரையிலிருந்து அந்த மூலைக்குச் சாய்வாகத் துளை போட்டார்கள். விழுது விடுமுன் செசிலி குனிந்து ஒரு பிடி மண் அள்ளித் துளைக்குள் போட்டாள். அவள் பின்னால் நாற்பது வீட்டாரும் வரிசையில் நின்றார்கள். சவரிமுத்து ஒரு சாண் பதத்தில் தன் கையாலேயே விழுதை விட்டார்.

"அவர் வெட்டின மண்ணுதானேண்ணே, அவர்கிட்டயே போவுது," என்றாள் செசிலி, இறங்கும் விழுதைப் பார்த்து. சவரிமுத்து வாய்விட்டு அழுதார்.

மூடச் சொன்ன மேலாளர், மூலையை விட்டுவைத்த சவரிமுத்து, தனக்குக் கொடுத்த வாக்கிலிருந்து அவரை விடுவித்த செசிலி. மூவரில் யார் செய்தது சரி?

விடை: செசிலி. மேலாளர் வீடுகளைப் பார்த்தார், சவரிமுத்து வாக்கைப் பார்த்தார். இருவருமே அவளைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்தப் பத்தாம் நாளே மண் போட்டுவிட்டு, மூடச் சொல்லியிருப்பாள். ஆனாலும் சவரிமுத்துவை முழுக்கத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அவர் அந்த மூலையை விட்டுவைத்திராவிட்டால், அவள் மண் போட இடமே இருந்திருக்காது.