செவலை விட்டுக்கொடுக்காத கூடை

ஏரிக்கரைத் தோப்பை ஒட்டிய ஒரு கொல்லையில் சில பெட்டைக்கோழிகளும் ஒரு சேவலும் இருந்தன. பெட்டைகளில் மூத்தது செவலை. கொல்லையின் மூலையில் வைக்கோல் பரப்பிய பழைய மூங்கில் கூடை ஒன்று கிடந்தது. கோழிகள் அதில்தான் முட்டையிட்டன. செவலை முட்டை ஓட்டை உடைத்துக்கொண்டு வெளியே வந்ததும் அந்தக் கூடையில்தான்.

கொஞ்ச நாளாக முட்டை குறைந்துவிட்டது. கோழிகள் கூடையில் ஏறும். உட்கார முடியாமல் நெளியும். முட்டையிடாமலே இறங்கிவிடும். கொண்டைகள் வெளுத்துப் போயின. செவலை முட்டையிட்டு வெகு நாளாகியிருந்தது.

ஒரு நாள் வீட்டுக்காரி பூங்காவனம் கூடையை எட்டிப் பார்த்தாள். "ஆடிக்கு மாப்பிள்ளை வராரு. அதுக்குள்ள இந்தச் செவலை முட்டை வைக்கலைன்னா குழம்புதான்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அது கொல்லை முழுவதும் கேட்டது. கோழிகள் கூடிப் பேசின. தோப்பில் கரையான் குறைந்ததுதான் காரணம் என்றது ஒன்று. வெயில் என்றது இன்னொன்று. தன்னை யாரும் மதிப்பதில்லை, அதனால்தான் என்றது சேவல்.

"நீ கூவுறதைக் கேட்டுப் பயந்துபோய்தான் முட்டை உள்ளேயே நின்னுடுச்சு," என்றது ஒரு கோழி. சேவல் வேலிமேல் ஏறி முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டது.

செவலை பொறிச்சியையே பார்த்தது. பொறிச்சி அண்மையில் சந்தையிலிருந்து வந்த கோழி. அது கூடைப் பக்கமே போவதில்லை. அடுப்புச் சாம்பல் கொட்டும் குழியில் புரளும். விறகு அடுக்குக்குப் பின்னால் முட்டையிடும்.

"நீ வந்த பிறகுதாண்டி இந்தக் கேடு," என்றது செவலை.

"என்னால இல்லக்கா. உன் கூடையில பேன் இருக்கு. வந்த அன்னிக்கு ஒரு தடவை ஏறினேன், உடம்பெல்லாம் ஊறிச்சு. ரத்தத்தை அது குடிச்சா முட்டை எங்கேருந்து வரும்?"

செவலைக்கு இறகு சிலிர்த்தது. "எங்கம்மா கூடைடி அது."

பிறகு அது மெல்லத் தன் குஞ்சுக் காலத்தைச் சொன்னது. வெளியே அடைமழை. உள்ளே அம்மாவின் வயிற்றுச் சூடு, இறக்கைக்குள் இருட்டு, நெருக்கியடித்துக் கிடந்த உடன்பிறப்புகள். யாராவது தலையை நீட்டினால் அம்மா அலகால் உள்ளே தள்ளிவிடும். அந்த உடன்பிறப்புகளில் சிலவற்றைக் கீரி தூக்கிப் போனது. சில சந்தைக்குப் போயின. மிச்சம் செவலையும் கூடையும்தான். வைக்கோலை மாற்றப் பூங்காவனம் வந்தபோதெல்லாம் செவலை அவள் கையைக் கொத்தி விரட்டியிருக்கிறது. அடி வைக்கோலில் அம்மாவின் இறகு ஒன்று இருந்ததே காரணம்.

"எங்கம்மா செக்கச்செவேல்னு இருப்பா. பாரு," என்று செவலை கூடைக்குள் அலகை விட்டு அந்த இறகை இழுத்துப் போட்டது.

இறகு சாம்பல் நிறமாக இருந்தது. செவலை குனிந்து உற்றுப் பார்த்தது. அந்தச் சாம்பல் நிறம் நகர்ந்தது.

இத்தனை நாளும் தான் காத்தது அம்மாவையா, பேனையா என்று செவலை நினைத்தது. கூடையை விட்டால் அம்மாவையும் விட்டதாகிவிடுமா?

"வாக்கா, சாம்பல் இன்னும் வெதுவெதுப்பா இருக்கு, புரண்டா பேன் உதிர்ந்துடும்," என்று மட்டும் சொன்னது பொறிச்சி. செவலை போய்க் குழியில் இறங்கியது.

மறுநாள் பூங்காவனம் கூடையைத் தொட்டபோது செவலை விலகி நின்றது. அவள் ஆச்சரியத்தோடு வைக்கோலைப் புரட்டினாள். பேன்கள் முழங்கை வரை ஏறின.

"அடப் பாவமே, இதுலயா உக்கார வச்சு முட்டை கேட்டேன்!" என்றாள்.

கூடையையும் வைக்கோலையும் கொளுத்தினாள். கோழிகள் அடையும் கூண்டுக்குச் சுண்ணாம்பு அடித்தாள். புதுக் கூடையில் சாம்பலைத் தூவி, காய்ந்த வேப்பிலை பரப்பி, அதன்மேல் வைக்கோல் போட்டாள். புகை அடங்கும் வரை செவலை அங்கேயே நின்றது. தீனி போட்டும் வரவில்லை.

நாளாக ஆகக் கொண்டைகள் சிவந்தன. ஆடி பிறக்கும் முன்பே புதுக் கூடையில் செவலை முட்டையிட்டது. மற்றக் கோழிகளும் இட்டன. மாப்பிள்ளைக்கு முட்டைக் குழம்பு கிடைத்தது.

பிறகு செவலை அடைகாத்துக் குஞ்சு பொரித்தது. மழை நாட்களில் குஞ்சுகளை இறக்கைக்குள் வைத்துக்கொண்டு அம்மாவைப் பற்றிச் சொல்லும். ஆனால் படுக்கும் முன் ஒவ்வொரு முறையும் வைக்கோலைக் காலால் கிளறிப் பார்த்துக்கொள்ளும்.

நம்மை வளர்த்த இடத்தை மனத்தில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது இன்று நம் இரத்தத்தைக் குடிக்கிறது என்று தெரிந்த பிறகும் அதிலேயே படுத்துக் கிடக்கக் கூடாது.