மறந்துபோன ஆறு வரி

“எல்லாரும் பாராட்டுற அந்த இடத்துல நான் நடிக்கவே இல்லை, டீச்சர்,” என்றாள் இன்பராணி.

நடிப்புப் பயிற்சிக் கூடத்தில் ஷாகிரா பாய்களை உதறி மடித்துக்கொண்டிருந்தாள். ஆசிரியை அவள்தான். ஆனால் இன்பராணியைவிட நான்கு வயது இளையவள் என்பதால் மாணவியை அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

இன்பராணிக்கு இது முதல் படம். பெரிய நிறுவனம் எதுவும் இல்லாமல், நண்பர்கள் சேர்ந்து எடுத்த படம். கடலுக்குப் போன மகனுக்காகக் காத்திருக்கும் தாயாக நடித்திருந்தாள்.

மூன்று பத்திரிகைகள் எழுதியிருந்தன. மூன்றும் ஒரே காட்சியைத்தான் சொல்லின. தேடப் போனவர்கள் வெறுங்கையோடு வந்து நிற்கிறார்கள். தாய் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

‘இந்த மௌனத்தை யாராலும் எழுதிக் கொடுக்க முடியாது’ என்றது ஒரு விமர்சனம். அவளுடைய அப்பா அதை வெட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பேருந்தில் கண்டக்டரிடம்கூடக் காட்டினாராம்.

“எழுதித்தான் கொடுத்தாங்க, டீச்சர். ஆறு வரி. மறந்துபோச்சு.”

படப்பிடிப்பிலேயே குரலையும் பதிவு செய்த படம். பக்கத்திலிருந்து யாரும் வசனம் எடுத்துக் கொடுக்க முடியாது. இயக்குநரும் நிறுத்தச் சொல்லவில்லை. உடனே மழை பிடித்துக்கொண்டதால் மறுபடி எடுக்கவும் இல்லை.

இன்று மாலை திரைப்படச் சங்கத்தில் பாராட்டு விழா. அதற்கு முன்பு இயக்குநரிடம் உண்மையைச் சொல்லிவிட்டு, அவருடைய அடுத்த படத்திலிருந்தும் விலகிக்கொள்வதாக முடிவு செய்திருந்தாள். அதைச் சொல்லத்தான் வந்தாள்.

“மூணு பத்திரிகைக்காரங்களையும் ஏமாத்தியிருக்கீங்க. பலே ஆளுதான்,” என்றாள் ஷாகிரா.

இன்பராணி சிரிக்கவில்லை.

ஷாகிரா பாயைக் கீழே வைத்தாள். “மறந்ததும் என்ன செஞ்சீங்க?”

“ஒண்ணும் செய்யலை.”

“அதைச் செஞ்சு காட்டுங்க.”

இன்பராணி கூடத்தின் நடுவில் போய் நின்றாள்.

எதிரே வந்து நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை.

பிறகு குனிந்தாள். இல்லாத ஒரு தட்டை எடுத்து, இல்லாத ஒரு சோற்றுப் பானையை மூடினாள்.

“மூடணும்னு எழுதியிருந்துதா?”

“இல்லை.”

“அப்புறம் எதுக்கு மூடினீங்க?”

“சோறு ஆறிடுமே.”

“ஆறினா என்ன? படப்பிடிப்புச் சோறு. அதை யாரு சாப்பிடப் போறா?”

“அவன் வந்தா சாப்பிட வேணாமா?” என்று கேட்டாள் இன்பராணி. கோபமாகவே கேட்டாள்.

கேட்ட பிறகுதான் தன் கையைப் பார்த்தாள். அது இன்னும் தட்டை அழுத்திப் பிடித்திருந்தது.

ஷாகிரா கீழே வைத்த பாயை எடுத்து மடித்தாள்.

“விழா எத்தனை மணிக்கு, அக்கா?” என்றாள் ஷாகிரா. “நானும் வரேன். உங்க டீச்சர்னு நாலு பேர்கிட்ட சொல்லிக்கணும்.”